சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் வீரர்களின் தரத்தைச் சமன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் பேஸ்பால் சிமுலேஷன் லீக்குகளில் சேருகிற நம்மாட்கள் ஒவ்வொரு சீசனிலும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால், சுருக்கமாக ஓஓடிபி, அதை மனதில் வைத்து எழுதியது இது. வேறு மென்பொருளில் பட்டன்களின் பெயர் மாறும், கணக்கு மாறாது.

முதல்ல இது என்னன்னு சொல்லுங்க. ஃபேன்டசி கேம் மாதிரியா?

இல்லை. ஃபேன்டசியில் நிஜ வீரர் இன்று நிஜ மைதானத்தில் அடித்த ரன் உங்களுக்குப் புள்ளியாகிறது. இங்கே ஆட்டமே கணினிக்குள்தான் நடக்கிறது. ஓஓடிபி 1999-ல் ஜெர்மனிக்காரரான மார்க்கஸ் ஹைன்சோன் கொண்டுவந்த ஆட்டம். லீக்கில் ஒவ்வொருவரும் ஓர் அணிக்கு ஜிஎம், அதாவது ஜெனரல் மேனேஜர். வீரர்களை எடுப்பது, விற்பது, சம்பளம் பேசுவது எல்லாம் நம் வேலை. நம் முடிவுகளைக் கோப்பாக அனுப்புகிறோம், லீக்கை நடத்தும் கமிஷனர் சில நாள் ஆட்டங்களை ஓட்டி முடிவுகளை வெளியிடுகிறார்.

வீரர்கள் பெரும்பாலும் கற்பனை ஆட்கள். வயதாகிறது, காயம் படுகிறது, ஓய்வு பெறுகிறார்கள், புதுப் பையன்கள் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுப்பது) வருகிறார்கள். வெளியிலிருந்து யாரும் வருவதில்லை, மென்பொருள் உருவாக்குகிறவர்கள் மட்டும்தான். கீழே வரும் தலைவலி எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

ரேட்டிங் 20-லிருந்து 80 வரைக்கும்னு இருக்கே, 35 எடுத்தா பாஸா?

பத்தாம் வகுப்புக் கணக்கு இங்கே செல்லாது. இது அமெரிக்க பேஸ்பாலில் திறமை தேடும் ஸ்கவுட்டுகள் நிஜமாகவே பயன்படுத்தும் அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக்கின், அதாவது உச்ச லீக்கின், சராசரி ஆள் (வளரும் ஆட்கள் ஆடும் கீழ்மட்டம் மைனர் லீக்). ஒவ்வொரு பத்தும் ஒரு திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு), அதாவது 60 என்றால் சராசரியைவிடத் தெளிவாக நல்லவர், 70 நட்சத்திரம், 80 அபூர்வம். 35 எடுத்தவர் பெஞ்சில் உட்காரலாம், தினமும் ஆடினால் அணிக்கு நஷ்டம்.

அடிப்பவருக்குப் பந்தைத் தொடும் திறன், தூக்கி அடிக்கும் பலம், நல்ல பந்து கெட்ட பந்து பார்க்கும் கண் என்று பிரித்துக் காட்டும். பந்து வீசும் பிட்ச்சருக்கு ஸ்டஃப் (பந்தின் வீரியம்), மூவ்மென்ட் (பந்தின் அசைவு), கன்ட்ரோல் (குறி). ஒவ்வொன்றுக்கும் இன்றைய அளவு ஒன்று, எட்டக்கூடிய உச்சம் ஒன்று. நீங்கள் பார்ப்பது உங்கள் ஸ்கவுட்டின் கணிப்பு என்பதையும் மறக்க வேண்டாம். அதே பையனை இன்னொரு அணியின் ஸ்கவுட் வேறு மாதிரி மதிப்பிட்டிருப்பார், அந்த வித்தியாசத்தில்தான் பாதி டிரேடுகள், அதாவது வீரர் பரிமாற்றங்கள், நடக்கின்றன.

எல்லாருக்கும் கொஞ்சம் ரேட்டிங் ஏத்திட்டா லீக் சூப்பரா இருக்காதா?

இருக்காது, ஏனென்றால் எதுவுமே மாறாது. அடிப்பவரையும் பிட்ச்சரையும் ஒரே அளவு உயர்த்தினால் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்று கழிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். லீக் மூடின பெட்டி. உள்ளே எல்லாமே ஒப்பீடுதான்.

பார்க்க வேண்டியது இடைவெளியை: லீக்கின் மிகச் சிறந்த ஆளுக்கும், 'இவர் போனால் மைனர் லீக்கிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்' என்கிற ஆளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை. 1941-ல் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி .406, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 406 ஹிட் என்கிற கணக்கு. அதன்பின் அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ முழு சீசனில் யாரும் .400-ஐ எட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் மட்டமானவர்கள் என்றா அர்த்தம்? மொத்தத் தரம் ஏறி, வலுவற்ற பிட்ச்சர்கள் லீக்கில் நிற்க முடியாமல் போய், உச்சிக்கும் நடுவுக்கும் உள்ள தூரம் சுருங்கியது என்பதுதான் எனக்குச் சரியாகப் படும் விளக்கம். சராசரி ஒரே இடத்தில் நிற்கும்போதே இடைவெளி விரியவும் சுருங்கவும் செய்யும். சமன்படுத்துவது என்று நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

எங்க லீக்ல ஹோம் ரன் ஓவரா போகுது. பேட்டர்ஸ் டேலன்ட் கூடிப்போச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. ஓஓடிபியில் லீக் மொத்தங்களுக்கு என்றே தனியாகப் பெருக்கிகள் இருக்கின்றன. ஒரு சீசனில் மொத்தம் எத்தனை ஹோம் ரன், எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை வாக் (நான்கு கெட்ட பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) வர வேண்டும் என்பதை அவைதான் இழுத்துப் பிடிக்கின்றன. ஹோம் ரன் எண்ணிக்கை பிடிக்கவில்லை என்றால் அங்கே கை வையுங்கள், வீரர்களை விட்டுவிடுங்கள்.

நிஜ பேஸ்பாலும் இதைத்தான் செய்தது. 1968-ல் பிட்ச்சர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். பாப் கிப்சனின் இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்ச்சர் கொடுக்கும் ரன்) 1.12, அமெரிக்கன் லீக்கில் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301-ஐ வைத்துக்கொண்டு பேட்டிங்கில் முதலிடம் பிடித்தார். அடுத்த வருடம் பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள், நல்ல பந்தாக எண்ணப்படும் பகுதியான ஸ்ட்ரைக் ஜோனையும் சுருக்கினார்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் ரன் சராசரி 3.42-லிருந்து 4.07-க்கு ஏறியது. அதே வருடம் நான்கு புது அணிகள் வந்ததும் ஒரு காரணம்தான், ஆனால் பேட்டர்கள் ஒரே குளிர்காலத்தில் திடீர் வித்வான்கள் ஆகிவிடவில்லை.

ஒரு டீம் 108 ஜெயிச்சது, ஒரு டீம் 50. பேலன்ஸ் போச்சுதானே?

ஒரு சீசனை வைத்துச் சொல்லவே முடியாது. எல்லா அணியும் அச்சு அசலாக ஒரே தரம், ஒவ்வோர் ஆட்டமும் பூவா தலையா என்று வைத்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டத்தில் திட்ட விலக்கம் சுமார் 6.4 வெற்றி. 30 அணியில் அதிர்ஷ்டக்காரர் 94 பக்கம் போவார், பாவப்பட்டவர் 68-ல் நிற்பார், திறமை வித்தியாசம் துளியும் இல்லாமலே. அதன் மேல் நிஜமான வித்தியாசத்தைச் சேர்த்தால் 108-ம் 50-ம் வருவதில் ஆச்சரியம் இல்லை. நிஜ மேஜர் லீக்கில் 2001 சியாட்டில் மரினர்ஸ் 116 ஜெயித்திருக்கிறது, 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41 ஜெயித்து 121 தோற்றிருக்கிறது.

அதிர்ஷ்டத்தைக் கழிக்க எளிய வழி பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் சூத்திரம்: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்ததின் வர்க்கமும் கொடுத்ததின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுங்கள். 800 எடுத்து 700 கொடுத்த அணிக்கு வெற்றி விகிதம் .566, அதாவது சுமார் 92 வெற்றி. அது 101 ஜெயித்திருந்தால் ஒன்பது வெற்றி காற்றில் வந்தது. கீழ்ப்பக்கமும் ஓர் அளவுகோல் உண்டு. மைனரிலிருந்து எப்போதும் கிடைக்கிற ஆட்களை மட்டுமே வைத்து ஆடினால் .294 வரும் என்று இரண்டு பெரிய புள்ளிவிவரத் தளங்களும் 2013-ல் ஒத்துக்கொண்டன, 162-க்கு சுமார் 48 வெற்றி. உங்கள் லீக்கில் தொடர்ந்து சில சீசன்களாக ஐந்தாறு அணிகள் அதற்குக் கீழே கிடந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

ஒரே ஜிஎம் நாலு வருஷமா கப் அடிக்கிறார். டேலன்ட்டைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க சார்!

இங்கே இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. லீக்கில் மொத்தம் எவ்வளவு திறமை இருக்கிறது, எப்படி விரிந்திருக்கிறது என்பது ஒன்று. அது எந்தெந்த அணியிடம் இருக்கிறது என்பது வேறு. முதலாவதை மாற்றி இரண்டாவதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள்தான் லீக்கைக் கெடுக்கிறார்கள். டிராஃப்டில் நிறைய நட்சத்திரங்களை வரவழைத்தால் ஏழை அணிக்கும் ஒன்று கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்கும்தான், மூன்று வருடத்தில் அந்த நாலு கப் ஆசாமி டிரேடில் வாங்கிக்கொண்டும் போய்விடுவார்.

அணிகளுக்கு இடையே பகிர வேறு கருவிகள் இருக்கின்றன: வருமானத்தைப் பங்கிடுவது, சம்பள உச்சவரம்பு, டிராஃப்ட் வரிசை. மேஜர் லீக்கில் டிராஃப்ட் 1965-ல் வந்ததற்கே பணக்கார அணிகள் நல்ல பையன்களை எல்லாம் வாரிக்கொண்டு போனது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கடைசி இடத்துக்கு முதல் வாய்ப்பு என்று உறுதியாகக் கொடுத்தால் வேண்டுமென்றே தோற்பார்கள், அதனால் 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மேலே சொன்ன ஒயிட் சாக்ஸ், 121 தோல்விக்குப் பிறகும் 2025-ல் பத்தாவதாகத்தான் எடுத்தது. அடுத்தடுத்த வருடங்களில் குலுக்கல் இடம் பெறக் கூடாது என்று சில அணிகளுக்கு விதி இருப்பதால் அப்படி. கொஞ்சம் கொடுமைதான், ஆனாலும் இந்த விதியை லீக்கில் வைக்கச் சொல்லி நான் வாதாடுவேன்.

அப்புறம், அவர் நாலு வருடம் ஜெயிப்பது அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டுமே இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, வைக்கவும் கூடாது.

ஐபிஎல் மாதிரி மூணு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் கலைச்சு மெகா ஏலம் விட்டா?

அணிகள் சமமாகும், லீக் செத்துவிடும். 17 வயதுப் பையனை எடுத்து ஆறு வருடம் மைனரில் வளர்த்து மேலே கொண்டுவருவதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. கலைத்துவிடுவார்கள் என்று தெரிந்தால் யார் வளர்ப்பார்கள்? ஐபிஎல்லில் ஆள் வளர்ப்பது பெரும்பாலும் மாநில அணிகள், அதனால் அங்கே கலைத்து ஆடலாம்.

டிராஃப்ட்ல வருஷா வருஷம் எத்தனை நல்ல பசங்க வரணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

தொட்டித் தண்ணீர்க் கணக்குதான். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தால் மட்டம் நிற்கும். 30 அணி, அணிக்கு 26 பேர், மொத்தம் 780 இடம். ஒருவர் சராசரியாக ஆறு வருடம் மேலே ஆடுகிறார் என்று வைத்தால் வருடத்துக்கு 130 பேர் போவார்கள், 130 பேர் தேவை. டிராஃப்ட் 20 சுற்று என்றால் 600 பேர் எடுக்கப்படுகிறார்கள், வெளிநாட்டுப் பையன்கள் தனி. ஆக பெரும்பாலானோர் மேலே வரவே மாட்டார்கள், வரவும் கூடாது. 'என் ஏழாம் சுற்றுப் பையன் வீணாகிவிட்டான்' என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவும்.

சிக்கல் என்னவென்றால் தாமதம். இன்று டிராஃப்ட் தரத்தை உயர்த்தினால் அந்தப் பையன்கள் மேஜரில் நின்று ஆட நாலைந்து வருடம், லீக் முழுக்க அந்தத் தலைமுறையாக மாற இன்னும் பல வருடம். கமிஷனர் பொறுமையில்லாமல் இரண்டாம் வருடமே 'ஒன்றும் மாறவில்லையே' என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுவார், மூன்றாம் வருடம் இன்னும் கொஞ்சம். ஏழாம் வருடம் மூன்றும் சேர்ந்து வந்து இறங்கும்போது சராசரி அணியின் மூன்றாவது பிட்ச்சரே நட்சத்திரமாக இருப்பார், உடனே பதறிப்போய் ஒரேயடியாகக் குறைப்பார், அது வேலை செய்ய இன்னொரு ஏழு வருடம். ஒருமுறை மாற்றினால் குறைந்தது ஐந்து சீசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்னொன்று, லீக் தொடங்கும் நாளில் மென்பொருள் மொத்தமாக உருவாக்கித் தரும் வீரர்கள் ஒரு மாதிரி விரிந்திருப்பார்கள், பிறகு டிராஃப்ட் வழியாக வளர்ந்து வருபவர்கள் வேறு மாதிரி. அதனால் ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்பே அதே அமைப்புகளோடு 20, 30 வருடம் கணினியை விட்டே ஓட்டிப் பார்த்து எங்கே போய் நிற்கிறது என்று கவனித்துவிடுவது நல்லது. ஓர் இரவு வேலை, பல வருடச் சண்டை மிச்சம்.

டிசிஆர்னு ஒண்ணு இருக்கே, 80 வைக்கலாமா 150 வைக்கலாமா?

டிசிஆர் என்றால் டேலன்ட் சேஞ்ச் ரேண்டம்னஸ். வீரரின் உச்ச எல்லையே திடீரென ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பலமாக நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. வழக்கமான மதிப்பு 100. குறைத்தால் டிராஃப்டில் முதலில் போன பையன் ஏறக்குறைய உறுதியாக நட்சத்திரம் ஆவான், அப்போது தோற்று முதல் இடம் வாங்குவது லாபம். கூட்டினால் பதினைந்தாம் சுற்றுப் பையன் மின்னுவான், 70 என்று கொண்டாடிய ஆள் 22 வயதில் காணாமல் போவான், திட்டம் போட்டு ஆடுபவர்கள் வெறுத்துப்போவார்கள்.

என் கட்சி 100-ஐ ஒட்டியே இருப்பது. நாலு கப் ஆசாமியை மடக்குவதற்காக 150-க்கு ஏற்றச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் நிறையப் பையன்களைச் சேர்த்து வைத்திருக்கும் பணக்கார அணிதான் இந்த அதிர்ஷ்டக் குலுக்கலில் நிறையச் சீட்டு வைத்திருக்கிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

டிராஃப்ட்ல கையே வைக்கல, ஆனா நல்ல ப்ளேயர்ஸ் குவியுறாங்க. எப்படி?

வயதாகும் வேகத்தைப் பாருங்கள். 1.000-லிருந்து யாராவது குறைத்திருந்தால் 37 வயதுக்காரர்கள் போகாமல் நிற்பார்கள். தொட்டியின் வெளிக்குழாயை அடைத்த மாதிரிதான் இது. காயங்களின் அளவைக் குறைத்தாலும் கிட்டத்தட்ட இதே விளைவு.

ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஆள் கொட்டிக் கிடக்கு, நல்ல கேட்ச்சர் ஒருத்தர் இல்லை. இதை சரி பண்ண முடியாதா?

இது கோளாறு இல்லை. கேட்ச்சர், ஷார்ட்ஸ்டாப் இடங்களில் தடுப்பாட்டம் தெரிந்தவர்களே குறைவு, அதிலும் அடிக்கத் தெரிந்தவர் அபூர்வம். அடிக்க மட்டும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஃபர்ஸ்ட் பேஸிலும், தடுப்பாட்டமே தேவையில்லாத டிஎச் இடத்திலும் வந்து குவிகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தான். .240 அடிக்கும் கேட்ச்சரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

24 டீமை 30 ஆக்கப்போறோம். தரம் இறங்கிடுமா?

இறங்கும், அதைவிட முக்கியமாக இடைவெளி விரியும். ஆறு அணி, அணிக்கு 26 என்றால் 156 பேர், இவர்கள் நேற்றுவரை மைனரில் இருந்தவர்கள். நட்சத்திரங்கள் அதே எண்ணிக்கைதான், அவர்களுக்கு எதிராக நிற்பவர்கள்தான் மட்டமானவர்கள், எனவே சாதனைகள் உடையும். 1961-ல் அமெரிக்கன் லீக்கில் இரண்டு அணி சேர்ந்தபோது ராஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்ததும், 1998-ல் இரண்டு அணி சேர்ந்தபோது மார்க் மெக்வையர் 70 அடித்ததும் இதனால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். மாரிஸுக்கு அந்த வருடம் ஆட்டங்களே முன்பைவிடக் கூடுதல், மெக்வையர் விஷயத்தில் ஊக்கமருந்தும் உண்டு. ஆனால் திசை அதுதான்.

புது அணி எவ்வளவு அடிவாங்கும் என்பது பழைய அணிகள் எத்தனை பேரைப் பொத்தி வைக்கலாம் என்பதைப் பொறுத்தது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 40 ஜெயித்து 120 தோற்றது. 1993-ல் வந்த கொலராடோ 67, ஃப்ளோரிடா 64 ஜெயித்தன. அந்த விரிவாக்க டிராஃப்டில் ஒவ்வோர் அணியும் முதல் சுற்றில் 15 பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஃப்ளோரிடா ஐந்தாவது சீசனிலேயே உலகத் தொடரை வென்றது. ஆறு அணியையும் ஒரே வருடத்தில் கொண்டுவராமல் இரண்டிரண்டாகக் கொண்டுவாருங்கள்.

ரேட்டிங் சராசரி பத்து வருஷமா 50-லயே நிக்குது. அப்ப தரம் மாறலைன்னுதானே அர்த்தம்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரேட்டிங்கை எந்த லீக்கோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று மென்பொருளில் தேர்வு இருக்கிறது. உங்கள் லீக்கோடு ஒப்பிட்டால் மொத்தத் தரம் ஏறினாலும் இறங்கினாலும் நடு ஆள் 50-ஐ ஒட்டியே காட்டுவார். புள்ளிவிவரங்களும் உதவாது, ஹோம் ரன் கேள்வியில் சொன்ன பெருக்கிகள் அவற்றை இழுத்துப் பிடித்துவிடும்.

ஒப்பீடு இல்லாத மூல எண்களைக் கோப்பாக எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை அதே தேதியில், வரிசையில் முதல் ஆள், 30-வது, 390-வது, 780-வது, 900-வது ஆள் ஆகிய ஐவரின் அளவை மட்டும் எழுதி வையுங்கள். ஐந்தும் சேர்ந்து ஏறினால் பரவாயில்லை, விட்டுவிடலாம். முதல் ஆளும் 30-வது ஆளும் ஏறி 780-வது ஆள் அங்கேயே நின்றால் இடைவெளி விரிகிறது. 780-க்கும் 900-க்கும் வித்தியாசமே இல்லை என்றால் நல்ல ஆட்கள் மைனரில் தேங்கிக் கிடக்கிறார்கள், அணி கூட்டலாம்.

சீசன் நடுவுல கமிஷனர் ஒருத்தர் ரேட்டிங்கை மட்டும் மாத்தினா தப்பா?

ஆமாம். மென்பொருள் பிழை என்று எல்லாரும் பார்த்து ஒத்துக்கொண்டால் தவிர, தொடக் கூடாது. அமைப்புகளை மாற்றுவதானால் சீசன் முடிந்த பிறகு, டிராஃப்டுக்கும் டிரேடுக்கும் முன்பே அறிவித்து. அடுத்த வருடம் வயதாகும் வேகம் கூடப்போகிறது என்று கமிஷனருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவர் அணியிலிருந்து 34 வயதுக்காரர்கள் இரண்டு பேர் இந்த வாரம் டிரேடாகிப் போனால் என்ன பேசுவார்கள்?

இவ்வளவும் சரியா வச்சிருக்கோம், இருந்தும் எட்டு டீம் குப்பையா கிடக்கு. எங்க தப்பு?

அந்த எட்டில் எத்தனைக்கு ஜிஎம் இருக்கிறார் என்று எண்ணுங்கள். அமைப்புகளைவிட ஆள் இல்லாத அணிகள்தான் சமநிலையைக் கெடுக்கும் பெரிய ஓட்டை. யாராவது சொல்லாமல் விலகுவார், கணினி அந்த அணியை ஓட்டும், சுற்றியிருப்பவர்கள் மூன்று சுமாரான பையன்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிப்போவார்கள். புதிதாகச் சேருபவருக்கு அந்த எலும்புக்கூட்டைக் கொடுத்தால் அவரும் ஒரே சீசனில் ஓடிவிடுவார்.

மனிதர்களே இதைச் செய்திருக்கிறார்கள். 1899-ல் ராபிசன் சகோதரர்களிடம் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ், செயின்ட் லூயிஸ் என்று இரண்டு அணிகள் இருந்தன. பெரிய பிட்ச்சரான சை யங் உட்பட நல்ல ஆட்களை எல்லாம் செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். ஸ்பைடர்ஸ் 20 ஜெயித்து 134 தோற்றது, அடுத்த வருடம் நேஷனல் லீக் 12 அணியிலிருந்து 8 ஆனபோது காணாமலும் போனது.

எனவே: ஜிஎம் இல்லாத அணியோடு டிரேடு கிடையாது. இரண்டு வாரம் கோப்பு வராவிட்டால் அணியைத் தற்காலிகமாகப் பூட்டிவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். புதியவருக்கு முதல் சீசனில் செய்கிற டிரேடுகளை இரண்டு பழைய ஜிஎம்கள் பார்த்துச் சொல்லலாம், தடுப்பதற்கு இல்லை, ஏமாற்றப்படுகிறார் என்றால் காதில் போடுவதற்கு.